எட்டுப் பெயர்கள், ஒன்பது பதில்கள்

நான் படித்த பள்ளியின் விழா மலர்க் குழுவிடமிருந்து போன மாதம் ஒரு கடிதம் வந்தது. எண், பொருள், பார்வை, இணைப்பு என்று எல்லாம் இருந்த முறையான கடிதம். சான்றிதழ்ப் பிரிவில் காலம் தள்ளி ஓய்வுபெற்றவனுக்கு இந்த மொழியில் எழுதினால்தான் விளங்கும் என்று யாரோ யோசனை சொல்லியிருக்க வேண்டும். பொருள் என்ற இடத்தில் இப்படி இருந்தது: 'நினைவு நாளன்று வாசிக்கப்படும் பெயர்கள் எட்டு, அளிக்கப்படும் பதில்கள் ஒன்பது, காரணம் கோருதல்.' பழைய மாணவர்களில் மூத்தவர்களில் ஒருவரான தாங்கள் தக்க ஆதாரத்துடன் விளக்கமளித்தால் மலரில் சேர்க்கப்படும் என்றும், ஆதாரம் இல்லாத பட்சத்தில் மிகுதியாக உள்ள ஒரு பதிலை இவ்வாண்டு முதல் நிறுத்திவிடலாம் எனக் குழு கருதுகிறது என்றும் கீழே எழுதியிருந்தார்கள்.

காரணம் எனக்குத் தெரியும். எட்டுப் பெயரை முதலில் வாசித்தவனே நான்தான். சம்பந்தப்பட்ட மற்றவர்கள் எல்லோரும் இப்போது எந்தச் சான்றும் தேவைப்படாத இடத்துக்குப் போய்விட்டார்கள். அதனால் எழுதலாம்.

எங்கள் பள்ளி பிரெஞ்சுக்காரர்கள் கட்டியது. ஆண் பிள்ளைகள் மட்டும் படிப்பது. மஞ்சள் சுண்ணாம்பு பூசிய சுவர், யானை நுழையும் உயரத்துக்கு வாசல், அதற்குள்ளே நுழைந்து போகப் பத்து வயதுப் பையன்கள். வெள்ளைக்காரன் போய்ப் பல வருடம் ஆன பிறகும் அவன் விட்டுப்போன பழக்கங்கள் எதையும் பள்ளி விடவில்லை. யாரும் விடச் சொல்லி உத்தரவு போடாததுதான் காரணம்.

அவற்றில் முக்கியமானது மதிப்பெண் வரிசைப்படி உட்காரவைப்பது. மாதம் ஒருமுறை இடம் மாறும். முதலில் வந்தவன் ஜன்னலோரம் முன்பெஞ்சில். கடைசியில் வந்தவன் பின்னால் மண்பானைக்குப் பக்கத்தில். பானையில் தண்ணீர் நிரப்புவது அவன் பொறுப்பு. முதல்வனுக்கு 'ப்ரெமியே' என்று பெயர், கடைசிக்காரனுக்கு 'தெர்னியே'. கணக்கு வாத்தியார், தமிழ் வாத்தியார் எல்லோருமே அப்படித்தான் கூப்பிடுவார்கள். நான் ஒன்பதாம் வகுப்பில் ப்ரெமியே. எங்கள் தெர்னியே தவளக்குப்பத்திலிருந்து பஸ்ஸில் வருகிற பையன். அவன் அப்பாவுக்கு அங்கே சந்தை முனையில் வாழைக்காய்க் கடை. எல்லா மாதமும் அவனே தெர்னியே. அதனால் பானை எப்போதும் நிரம்பியிருந்தது.

தலைமையாசிரியர் அறைக்கு எதிரே தாழ்வாரச் சுவரில் ஒரு பளிங்குக் கல் பதித்திருந்தார்கள். இந்தப் பள்ளியில் படித்து, பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து, திரும்பி வராதவர்களின் பெயர்கள் அதில் இருந்தன. மொத்தம் ஒன்பது. முதல் ஐந்தும் பெரிய யுத்தங்களில் போனவர்கள். மீதி நான்கும் இந்தோசீனாவில்.

நவம்பரில் ஒரு காலைநேரம் பள்ளி முழுவதையும் முற்றத்தில் நிறுத்துவார்கள். ஒன்பதாம் வகுப்பின் ப்ரெமியே வருகைப் பதிவு எடுப்பது போல அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் அதே வகுப்பின் தெர்னியே பதில் சொல்ல வேண்டும். செத்தவர்கள் சார்பில் பேச ஏன் கடைசிக்காரனைப் பிடித்தார்கள் என்று எந்தக் கோப்பிலும் இல்லை. பிரெஞ்சுக் காலத்தில் அந்தப் பதில் 'பிரான்சுக்காக மாண்டார்' என்று இருந்ததாம். கொடி மாறிய பிறகு அப்படிச் சொல்வது சங்கடமாகப் போனது. அன்றைய தலைமையாசிரியர் யோசித்து, வகுப்பில் வராதவனுக்குச் சொல்கிற 'ஆப்ஸான்' என்ற சொல்லைப் போட்டார். வரவில்லை. இரண்டு அரசாங்கமும் ஆட்சேபிக்க முடியாத ஒரே சொல் அதுதான். நான் வேலைக்குப் போன பிறகு அந்த மனிதரைப் பல தடவை மனதுக்குள் வணங்கியிருக்கிறேன்.

பயிற்சி கொடுப்பதிலும் ஒரு வழக்கம் உண்டு. ப்ரெமியேவுக்குத் தலைமையாசிரியரே நேரில் சொல்லிக்கொடுப்பார். தெர்னியேவுக்குப் போன வருடத்துத் தெர்னியேதான் சொல்லிக்கொடுப்பான். வேறு யாருக்கும் அவனிடம் சொல்ல எதுவும் இருந்ததில்லை.

கல்லில் ஆறாவது பெயர் என் தாய்மாமாவுடையது.

மாமா உயிரோடு இருந்தார். நெல்லித்தோப்பில் எங்கள் வீட்டு மாடியறையில், அம்மாவின் சமையலைக் குறை சொல்லிக்கொண்டு, கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல் இருந்தார். ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை. பிரெஞ்சிலும் தமிழிலும் ஒரு புள்ளி தவறினாலும் சிவப்பு மையால் வட்டம் போடுவார். அப்படிப்பட்டவர் தன் பெயரில் கல்லிலேயே நேர்ந்த பிழையைத் திருத்தச் சொல்லிக் கேட்டதே இல்லை என்பது ஊரில் ஒரு வேடிக்கைப் பேச்சு. பட்டியல் அனுப்பினவன் பெயரைக் குழப்பிவிட்டான், வெள்ளைக்காரன் மூட்டை கட்டுகிற அவசரத்தில் யார் சரிபார்த்தார்கள் என்பதுதான் எல்லோரும் சொன்ன காரணம். மாமாவும் அதையே சொல்வார், மற்றவர்களைவிடச் சத்தமாகச் சிரித்துக்கொண்டே.

வருடாவருடம் அந்த நாளில் வெள்ளைக் கால்சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கு வருவார். முற்றத்தின் கோடியில் பாதாம் மரத்தடியில் பழைய மாணவர்களோடு நிற்பார். ஆறாவது பெயரைக் கூப்பிட்டதும் தெர்னியே 'ஆப்ஸான்' என்பான். அதற்குப் பிறகு ஒரு மூச்சு விட்டு, மாமா மரத்தடியிலிருந்து 'ப்ரெஸான்' என்று குரல் கொடுப்பார். வந்திருக்கிறேன். பள்ளியே சிரிக்கும். பட்டாளத்திலிருந்து வந்த கிழவர்கள் மெடல் குலுங்கச் சிரிப்பார்கள். அந்த ஒரு சொல்லுக்காகவே பையன்கள் அந்த நாளை எதிர்பார்த்தார்கள். 'செத்தவரோட மருமகன்' என்று என்னைக் கூப்பிடுவார்கள். எனக்கு அதில் பெருமைதான்.

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீராம்பட்டினத்திலிருந்து வாரம் ஒருமுறை எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவருகிற அம்மாள். மீன் விற்க வருகிற மற்றவர்களை நான் மீன்காரம்மா என்று கூப்பிடலாம். இவளை மட்டும் பெரியம்மா என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை. பெரியம்மாவுக்கு வெள்ளி டம்ளரில் காபி. பெரியம்மா வந்திருக்கும்போது மாமா மாடியிலிருந்து இறங்கிவந்து, அவள் கூடையைத் தூக்கிக் கிணற்றடியில் வைப்பார். அவர் வீட்டில் வேறு எதையும் தூக்கி நான் பார்த்ததில்லை.

"சின்னவனே, இளைச்சிப் போயிட்டியேடா. அக்கா சோறு போடறதில்லியா?" என்பாள் பெரியம்மா.

"போடுது. வாய்லதான் வெக்க முடியல."

"கொழுப்பப் பாரு இவனுக்கு," என்பாள் அம்மா. அவர்கள் மூவரும் பேசிக்கொள்வது அவ்வளவுதான்.

பள்ளியின் நினைவு நாளன்றும் பெரியம்மா வாசலில் நிற்பாள். கூட்டம் கூடுகிற இடத்தில் வியாபாரம் நடக்கும் என்று வருகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் ஒன்பதாம் வகுப்பு வந்த வருடம் புதுத் தலைமையாசிரியர் வந்தார். கும்பகோணத்துப் பக்கத்துக்காரர், நேர்மையானவர். எதையும் கோப்பில் பார்த்தால்தான் நம்புவார். கோப்பில் இருந்தால் எதையும் நம்புவார். தாழ்வாரத்தில் கல்லைப் பார்த்தார். ஆறாவது ஆசாமி அச்சகத்தில் வேலை செய்கிறார் என்று பியூன் சொன்னதும் அவருக்கு உடம்பு பதறியிருக்கிறது. உயிரோடிருக்கிற மனிதர் பெயரை இறந்தவர் பட்டியலில் ஓர் அரசுப் பள்ளி எப்படி வைத்திருக்கலாம்? உடனே மாமாவுக்குக் கடிதம் போட்டார். தாங்கள் உயிருடன் இருப்பதற்கான சான்றை அனுப்பிவைத்தால் பெயர் நீக்கப்படும்.

எங்கள் ஊரில் இந்தச் சான்று புதிதல்ல. பிரெஞ்சு ஓய்வூதியம் வாங்குகிற பெரியவர்கள் வருடம் ஒருமுறை அதிகாரி முன்னால் போய் நின்று, தாங்கள் இன்னும் சாகவில்லை என்று எழுதி வாங்க வேண்டும். பிற்காலத்தில் அந்த வேலையைத்தான் நான் செய்தேன். எதிரே ஒருவர் இருமிக்கொண்டு நிற்பார். அவர் நிற்பது சான்றாகாது. நின்றார் என்று நான் எழுதுவதுதான் சான்று.

மாமா அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சாப்பிடும்போது அப்பாதான் பேச்சை எடுத்தார். அப்பா கல்யாணத்துக்குப் பிறகு இந்த ஊருக்கு வந்தவர்.

"ஒரு சர்ட்டிபிகேட்டுதான மச்சான். அரை நாள் வேலை. கிழவனுங்கல்லாம் போயி வாங்கிட்டு வரல?"

"பாக்கறவங்களுக்கே தெரியலன்னா, சீல் அடிச்சாத் தெரிஞ்சிடுமா மாமா?"

"விளையாட்டு இல்ல. செத்தவங்க பட்டியல்ல பேரு இருக்கறது நல்லதா? பொண்ணு குடுக்கறவன் யோசிக்க மாட்டான்?"

"அதுக்குத்தான் வெச்சிருக்கேன்," என்றார் மாமா.

அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள் நாங்கள் எழுந்திருக்கிற வரைக்கும் வெளியே வரவில்லை.

இரண்டு நினைவூட்டுக் கடிதங்கள் வந்தன. மாமா எதற்கும் பதில் எழுதவில்லை. பிறகு ஒருநாள் தலைமையாசிரியர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"நீதான அவரோட அக்கா பையன்?"

"ஆமா சார்."

"மாமா எங்க இருக்காரு?"

"எங்க வீட்லதான் சார். மாடியில."

"தினம் பாக்கறியா?"

"காலைல காபி நாந்தான் சார் கொண்டுபோய்க் குடுப்பேன்."

"குடிக்கிறாரா?"

"சூடு பத்தலன்னு சொல்லிட்டுக் குடிப்பாரு சார்."

"அப்ப அதையே எழுதிக் குடு."

மேசைமேல் வெள்ளைத் தாளை வைத்து, தன் பேனாவையே மூடி கழற்றிக் கொடுத்தார். அது வரைக்கும் அந்த அறையில் எந்தப் பையனையும் உட்காரச் சொன்னதில்லை. என்னை உட்காரச் சொன்னார். மேற்படி பெயருடைய என் தாய்மாமா உயிருடன் இருக்கிறார் என்றும், எங்கள் வீட்டில் தினமும் உணவு உண்கிறார் என்றும், இதில் கண்டவை உண்மை என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஓர் அடித்தல் இல்லை. தலைமையாசிரியர் படித்துப் பார்த்து, "நல்லா எழுதறே. பின்னால பெரிய ஆபீசரா வருவே," என்றார். வந்தேன், பெரிய ஆபீசராக இல்லாவிட்டாலும். பதிமூன்று வயதுப் பையன் எழுதிக் கொடுத்த சான்று எந்த விதிப்படியும் செல்லாது. என் மேசைக்கு வந்திருந்தால் குறிப்பெழுதித் திருப்பியிருப்பேன். ஆனால் கோப்பில் வைக்க அவருக்கு ஒரு தாள் வேண்டியிருந்தது. நான் வாழ்க்கையில் கையெழுத்திட்ட முதல் உயிர்வாழ் சான்று அது.

கல்லில் பெயரைக் கொத்தி எடுக்க ஆசாரிக்குச் சொல்லியனுப்பினார்கள். வாசிக்க வேண்டிய பட்டியலை எட்டுப் பெயரோடு தட்டச்சுச் செய்து என்னிடம் கொடுத்தார்கள்.

நினைவு நாளுக்கு முந்தின நாள் சாயங்காலம் கூடத்தில் நின்று வாசித்துப் பழகிக்கொண்டிருந்தேன். மாமா மேசைமேல் போர்வை விரித்து வெள்ளைக் கால்சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். கரி போட்ட பெட்டி. நான் ஐந்தாவது பெயரைச் சொன்னேன். அடுத்து ஏழாவதைச் சொன்னேன்.

"ஆறாவது எங்க மாப்ளே?"

"எடுத்துட்டாங்க மாமா."

"யாரு?"

"ஹெட்மாஸ்டர். நீங்க உயிரோட இருக்கீங்கன்னு நான் எழுதிக் குடுத்தேன். அடித்தலே இல்லாம எழுதினேன்னு சொன்னாரு."

பாராட்டுக்காகக் காத்திருந்தேன். துணி கருகுகிற வாசனை வந்தது. மாமா பெட்டியைத் தூக்கி நிமிர்த்தி வைத்தார். கால்சட்டையின் முழங்காலுக்கு மேலே பழுப்பாக ஒரு முக்கோணம் விழுந்திருந்தது. அதை விரலால் தடவிப் பார்த்தார்.

"பேப்பர்ல இல்லன்னா என்ன, உனக்குத்தான் மனப்பாடமாத் தெரியுமே. படிச்சிடு மாப்ளே."

"ஹெட்மாஸ்டர் அடிப்பாரு."

"ரெண்டு அடிதான."

"ப்ரெமியேவுலேர்ந்து எடுத்துடுவாரு மாமா."

மாமா என்னைப் பார்த்தார். வற்புறுத்தப் போகிறார் என்று நினைத்தேன். அவர், "ஆமாம். ஒருத்தனுக்காக இன்னொருத்தன் மாட்டிக்கக் கூடாதுதான்," என்று சொல்லிவிட்டு மறுபடியும் பெட்டியை எடுத்தார்.

மறுநாள் காலையில் பெரியம்மா வந்தாள். அம்மா கிணற்றடியில் அவளிடம் தாழ்ந்த குரலில் பேசியது எனக்குக் கேட்டது.

"இந்த வருஷம் வேணாமேக்கா. வெயிலு வேற. இங்கியே உக்காந்துட்டுப் போங்களேன்."

"என்னா பாப்பா இப்டிச் சொல்ற? வருஷத்துக்கு ஒருக்காதான் கூப்புட்றாங்க. நான் போவாம வேற யாரு போவா?"

பெரியம்மாவைப் பள்ளியில் யார் கூப்பிடுகிறார்கள் என்று யோசித்தேன். ஹாஸ்டல் சமையலுக்கு மீன் கேட்டிருப்பார்கள் என்று முடிவுகட்டிக்கொண்டு, தலைக்கு எண்ணெய் வைக்கப் போய்விட்டேன்.

முற்றம் நிறைந்திருந்தது. ஒரு கிழவர் கொம்பு ஊதினார்; பாதியில் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபாதியை ஊதினார். பாதாம் மரத்தடியில் மாமா இருந்தார். அந்தக் கருகின கால்சட்டையையே போட்டிருந்தார், பழுப்பு முக்கோணம் தூரத்திலிருந்தே தெரிந்தது. வாசலுக்கு வெளியே, கம்பிக் கதவைப் பிடித்தபடி பெரியம்மா. பக்கத்தில் தரையில் துணி மூடின கூடை. எனக்கு எதிரே பத்தடி தள்ளி எங்கள் தெர்னியே விறைப்பாக நின்றான், ஒரு கை கால்சட்டைப் பைக்குள்ளே.

வாசிக்க ஆரம்பித்தேன். குரல் நன்றாக வந்தது. ஒவ்வொரு பெயருக்கும் தெர்னியே 'ஆப்ஸான்' என்றான். ஐந்தாவது பெயர் முடிந்தது. அடுத்த பெயருக்கு முன்னால் என்னையறியாமல் தலையைத் தூக்கி மரத்தடியைப் பார்த்தேன். மாமா என்னைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைமையாசிரியர் தொண்டையைக் கனைத்தார். நான் ஏழாவது பெயரைக் கூப்பிட்டேன்.

கூட்டத்தில் லேசான சலசலப்பு. பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எட்டாவது, ஒன்பதாவது. இரண்டுக்கும் பதில் வந்தது. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். தலைமையாசிரியர் பேசுவதற்காக ஓர் அடி முன்னால் வந்தார்.

அப்போது தெர்னியே பைக்குள்ளிருந்து கையை எடுத்தான். உள்ளங்கையை விரித்து ஒருமுறை பார்த்தான். எந்தப் பெயரும் கூப்பிடாமலே, மற்ற எல்லாவற்றையும்விடச் சத்தமாக, "ஆப்ஸான்," என்றான்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு பையன்கள் சிரித்தார்கள். அதற்கடுத்து வர வேண்டியதற்காக, பழக்கத்தினால், எல்லாத் தலையும் பாதாம் மரத்தின் பக்கம் திரும்பியது. மாமா வாயைத் திறக்கவில்லை. கைகளைத் தொடையோடு ஒட்டவைத்து, பட்டாளத்துக்காரன் போல நின்றுகொண்டிருந்தார். சிரிப்பு தானாக அடங்கிப்போயிற்று. அந்த முற்றம் அவ்வளவு அமைதியாக இருந்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

வாசலில் பெரியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். குனிந்து ஒற்றைக் கையால் கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். தூக்கிய லேசில் கூடை காலி என்று தெரிந்தது. அதற்குள் எல்லாம் விற்றுவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன்.

மாமா இறந்து, பதினாறாம் நாள் காரியமும் முடிந்த பிறகு அம்மா எனக்கு விஷயத்தைச் சொன்னாள். அப்போது எனக்குத் தலை நரைக்க ஆரம்பித்திருந்தது. பெயரை யாரும் குழப்பவில்லை. மாமாதான் தாத்தாவோடு சண்டை போட்டுக்கொண்டு பட்டாளத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறார். படிப்புச் சான்று, பிறப்புச் சான்று, கூப்பிட்டு வந்த உத்தரவு எல்லாம் கையில் இருந்தன. போய்ச் சேர வேண்டிய நாள் நெருங்க நெருங்கப் பயம் பிடித்துக்கொண்டது; சோறு இறங்கவில்லை. பெரியம்மாவின் மகன் மாமாவோடு இந்தப் பள்ளியில் சில வருடம் படித்தவன். படகுக்கு ஆள் வேண்டும் என்று பாதியில் நிறுத்திவிட்டார்கள். அதனால் அவனிடம் எந்தச் சான்றும் இல்லை. கடலைத் தாண்டிப் போக வேண்டும் என்று ஆசை மட்டும் இருந்தது.

"குடுடா, நான் போறேன், எனக்குத் தண்ணியப் பாத்துப் பயமில்லன்னு கேட்டு வாங்கிட்டுப் போச்சு அந்தப் புள்ள," என்றாள் அம்மா. "இவனும் குடுத்துட்டான்."

அந்தக் காகிதங்களில் படம் எதுவும் ஒட்டியிருக்கவில்லை. அடையாளம் என்று எழுதியிருந்தது கறுப்பு நிறம், நடுத்தர உயரம். ஊரில் பாதிப் பேருக்குப் பொருந்தும். சாவுச் செய்தி வந்தபோது கடிதம் மாமாவின் பெயருக்குத்தான் வந்தது. தாத்தா அதற்குப் பதில் எழுதவில்லை. உண்மையைச் சொன்னால் மகன் ஜெயிலுக்குப் போவான். வீராம்பட்டினத்துக்கு நடந்தே போய் வாயால் சொல்லிவிட்டு வந்தார். பெரியம்மாவின் மகன் செத்தான் என்று உலகத்தில் எந்தக் காகிதமும் சொல்லவில்லை. அவனைக் கூப்பிட்ட ஒரே இடம் எங்கள் பள்ளி முற்றம், அதுவும் இன்னொருவர் பெயரால். வருடாவருடம் மாமா ஊரைச் சிரிக்கவைத்ததும் இதற்காகத்தான் இருக்க வேண்டும். சிரித்த விஷயத்தை யாரும் விசாரிப்பதில்லை.

மலர்க் குழுவின் கடிதம் வந்த பிறகு பள்ளிக்குப் போனேன். கல்லில் ஆறாவது இடம் விரல் பதிகிற ஆழத்துக்குக் குழிந்திருக்கிறது. பழைய சேர்க்கைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். வீராம்பட்டினம், தகப்பன் தொழில் மீன்பிடி, அம்மா சொன்ன அதே பெயர். கடைசிக் கட்டத்தில் நீக்கத்துக்கான காரணம் எழுதியிருந்தது: தொடர்ந்து வராமை.

குழுவுக்கு ஒரே வரியில் பதில் எழுதிவிட்டேன். 'ஒன்பதாவது பதில் இப்பள்ளியின் பதிவேட்டில் உள்ள ஒரு மாணவரைக் குறித்தது, தொடரலாம்.' பதிவேட்டின் பக்க எண்ணைக் கொடுத்து, கீழே கையெழுத்தும் போட்டேன். ஓய்வுபெற்றவன் கையெழுத்து செல்லாது என்று எனக்குத் தெரியும். பதிமூன்று வயதுக்காரனுடையது செல்லுபடியானதே என்ற தைரியம்தான்.

அன்றைக்கு நடந்தவற்றில் இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. விழா கலைந்ததும் தலைமையாசிரியர் தெர்னியேவைக் கூப்பிட்டுக் கையைக் காட்டச் சொன்னார். உள்ளங்கையில் ஒரு புளியங்கொட்டை இருந்தது.

"ஒன்பது எடுத்துட்டு வந்தேன் சார். கைல வெச்சிருந்து, ஒவ்வொரு பேருக்கும் ஒன்னப் பைக்குள்ள போட்டேன். ஒன்னு மீந்துடுச்சு. நாந்தான் எங்கியோ வுட்டுட்டேன்னு நெனச்சிச் சொல்லிட்டேன் சார்."

பட்டியலைக் குறைத்தது வாத்தியார்களுக்கும் எனக்கும் தெரியும். பதில் சொல்ல வேண்டிய அவனிடம் யாரும் சொல்லவில்லை. தலைமையாசிரியர் பாவம், அடிக்கக் கை வராமல், "போடா," என்று அனுப்பிவிட்டார்.

மாமா வந்தார். எனக்காக வருகிறார் என்று நான் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டேன். அவர் என்னைத் தாண்டிப் போய், தெர்னியேவின் தோளில் கைபோட்டு எதிர்ச்சாரி சோடாக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். நானும் பின்னாலேயே போனேன். அவனுக்கு ஒரு கோலி சோடா வாங்கிக் கொடுத்தார்.

"கொட்டையெல்லாம் வெச்சிருக்கியா?"

"இருக்குண்ணே."

"தூக்கிப் போட்டுடாத. அடுத்த வருஷம் எவன் கடைசியோ அவன்கிட்டக் குடு. ஒன்பதையும் எண்ணிக் குடு. அவன அடுத்தவன்கிட்டக் குடுக்கச் சொல்லு."

"எதுக்குண்ணே?"

"இந்த இஸ்கூல்ல எதையாவது ஒருத்தன் சரியா எண்ணணும் இல்ல, அதுக்கு."

அவன் தலையாட்டிவிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு சோடாவைக் குடித்தான். எனக்கு ஒன்றும் வாங்கித் தரவில்லை. எட்டுப் பெயரையும் ஓர் எழுத்துப் பிசகாமல் வாசித்தவன் நான். கூட்டத்தின் நடுவே தப்பாகச் சொன்னவன் அவன். கைக்கு வந்த தாளில் இருந்ததைத்தானே வாசித்தேன், அதில் என்ன குற்றம் என்று என் மனம் குமைந்துகொண்டிருந்தது. வீட்டுக்குப் போகிற வரைக்கும் மாமாவோடு பேசுவதில்லை என்று முடிவுசெய்து, அவருக்கு நாலடி பின்னாலேயே நடந்தேன். அவர் ஒருமுறை நின்று திரும்பிப் பார்த்தார். என்னைச் சமாதானப்படுத்தத்தான் திரும்புகிறார் என்று முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டேன். அவர் பார்த்தது என்னை இல்லை. எனக்குப் பின்னால், கடலூர் சாலைப் பக்கம் வெயிலில் போய்க்கொண்டிருந்த அந்தக் காலிக் கூடையை.